அமுதவள்ளி டீச்சரின் பாசித் தொட்டி

அமுதவள்ளி டீச்சருக்குக் குரல் போனது ஒரு தை மாதத்தில். அதுவரை, கோவில்பட்டியில் இளையரசனேந்தல் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் அவள் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் யு.கே.ஜி. வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் அழுதாலும் அத்தனை அழுகைக்கும் மேலே ஏறி நிற்கிற குரல் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் மைக் கெட்டுப்போனால் தலைமை ஆசிரியை அவளைத்தான் கூப்பிட்டு விடுவார்.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டி நல்லபடியாகப் போய்விட்டது, பயப்படும்படி அதில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் மயக்கம் தெளிந்து அவள் "தண்ணி" என்று கேட்டபோது வெளியே வந்தது வெறும் காற்று. சைக்கிள் டியூபில் முள் குத்தினாற்போல ஒரு சத்தம். குரல் நரம்பு ஒன்று சோர்ந்துபோயிருக்கிறது, இப்படி ஆகக்கூடும் என்று முன்னாலேயே சொன்னோமே, சில மாதத்தில் திரும்பலாம், ஒரு வருஷமும் ஆகலாம், பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். திருநெல்வேலியில் ஒரு பெண் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டு "ஆ" சொல்ல வேண்டும். வாயை மூடி "ம்" என்று இழுக்க வேண்டும்.

அமுதவள்ளி வீட்டுக்கு வந்து ஒருநாள் செய்து பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே சகிக்கவில்லை. விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் வேறு ஒருத்தியைப் போட்டார்கள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் காளீஸ்வரி போன் செய்தால் எடுக்காமல், "சாப்பிட்டேன், நல்லாருக்கேன்" என்று டைப் அடித்து அனுப்பிவிடுவாள். தெருவில் யாராவது எதிரே வந்தால் சிரிப்போடு நகர்ந்துவிடுவாள். கணவனைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவாள்.

கணவன் மாரிராஜுக்குக் கேன் தண்ணீர் வியாபாரம். ஊரின் ஓரத்தில் ஆர்.ஓ. பிளான்ட் வைத்து, குட்டியானை வண்டியில் வீடு வீடாகக் கேன் போடுவான். காலையில் போனால் மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி போய் இருட்டும்போது வருவான். அவனுக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கடல் மீன் தொட்டி.

தூத்துக்குடியில் கடையைக் காலி செய்த ஒருவரிடமிருந்து அந்தப் பெரிய கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்து ஹாலில் வைத்திருந்தான். கடலிலிருந்து பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், செயற்கைப் பாறைகளை அடுக்கி, அதன்மேல் கடையில் வாங்கிய மெத்தென்ற பூப்போன்ற உயிர்களை ஒட்டி வளர்த்தான். நாலைந்து சின்ன மீன்கள். தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள், தண்ணீரைச் சுத்தம் செய்யும் இன்னொரு பெட்டி. ஆரம்பத்தில் தூத்துக்குடிக்குப் போய்க் கேனிலேயே கடல் தண்ணீர் பிடித்து வந்துகொண்டிருந்தான். அதை யாரோ பார்த்துவிட்டு, மாரிராஜ் கடல் தண்ணியைக் கேனில் அடைத்து விற்கிறான் என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு வாரம் போன் மேல் போன். "அண்ணாச்சி, நேத்து போட்ட கேனு உப்பு கரிக்குது" என்று வருஷக்கணக்காக வாங்குகிறவர்களே கேட்க ஆரம்பித்ததும் பயந்துபோய், உப்புப் பொட்டலம் வாங்கித் தன் பிளான்ட் தண்ணீரிலேயே கலக்கத் தொடங்கினான்.

அமுதவள்ளிக்கு அந்தத் தொட்டியில் ஈடுபாடு இருந்ததில்லை. ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பொருள், அவ்வளவுதான். குரல் போய் வீட்டிலேயே இருக்க ஆரம்பித்த பிறகும் அதன் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

பங்குனி கடைசியில் மாரிராஜ் சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு மீன் வரவழைத்தான். மாண்டரின் என்று பேர். விரல் நீளம்தான் இருக்கும். ஊதா உடம்பில் ஆரஞ்சும் பச்சையுமாய் வளைந்து வளைந்து கோடுகள். பையைப் பிரித்து விட்டதும் அது மற்ற மீன்களைப்போலப் பாய்ந்து ஓடவில்லை. பாறைமேல் இறங்கி, இரண்டு துடுப்பையும் கால்மாதிரி ஊன்றி நின்று, கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தது.

அமுதவள்ளி அன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் அவள்தான் என்பதால் அவள்தான் முதலில் கவனித்தாள். தூவுகிற தீனியை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பாறை இடுக்குகளில் எதையோ தேடிக் கொத்திக்கொண்டே இருக்கும். ஆனால் வயிறு உள்ளே போய்க்கொண்டிருந்தது. சாப்பிட வந்த மாரிராஜின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

"ஒட்டிப்போச்சு, பாருங்க" என்று காற்றாய்ச் சொன்னாள்.

மாரிராஜ் குனிந்து பார்த்தான். "புது எடம்லா. பழகுனா தின்னும்."

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "பசிக்குது அதுக்கு."

மாரிராஜ் மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேட்டான். ஆளாளுக்குத் திட்டினார்கள். இந்த மீன் உயிரோடு ஓடுகிற பொடிப் பூச்சியைத்தான் தின்னும், அதைப் பெருக்கி வைக்காமல் எப்படி வாங்கலாம் என்று கேட்டார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் செண்பகராஜ் என்பவர் மட்டும் போனில் பொறுமையாக விளக்கினார். உங்கள் தொட்டியில் பூச்சி உண்டாகும், ஆனால் பெருகுவதற்குள் மற்ற மீன்களே தின்று தீர்த்துவிடும். அதனால் தனியாக ஒரு தொட்டி வையுங்கள். அதில் மீனே விடக்கூடாது. மணல், கொஞ்சம் கல், பாசி, விளக்கு. ஒரு சின்ன மோட்டார் உங்கள் தண்ணீரை அங்கே ஏற்றட்டும். அது பெரிய தொட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் நிரம்பித் தானாக வழிந்து திரும்பி வரும். பூச்சி அங்கே நிம்மதியாகப் பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக வழியும் தண்ணீரோடு இங்கே வந்து சேரும். தண்ணீரில் இருக்கும் அழுக்கையும் அந்தப் பாசி தின்றுவிடும், உங்கள் கண்ணாடியில் படிகிற பச்சை குறையும். இதற்கு ரெஃப்யூஜியம் என்று பேர்.

எல்லாம் சரி, அதை எங்கே வைப்பது? ஸ்டாண்டுக்குள் கையை விட இடமில்லை. தொட்டிக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அமுதவள்ளியின் அறை.

அந்த அறையில் அவளுடைய பள்ளிக்கூடச் சாமான்கள் இருந்தன. அவளே வரைந்த படச் சார்ட்டுகள், துணி பொம்மைகள், ஒரு சின்ன கரும்பலகை, சோழி, பாசிமணி, புளியங்கொட்டை போட்ட டப்பாக்கள். வேலையை விட்ட பிறகு எல்லாவற்றையும் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள். மாரிராஜுக்கு அவளிடம் கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாம் நாள் அமுதவள்ளி அவன் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள். கரும்பலகையை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, காலியான இடத்தைக் காட்டினாள்.

"இங்கன வைங்க."

"ஒனக்கு எடைஞ்சலா இருக்காதாட்டி?"

"அது செத்துரும்."

பிளம்பர் சோலைமுத்து வந்து சுவரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "அண்ணாச்சி, கரிசல் மண்ணுல நிக்கிற வீடு. மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பொளக்கும். ஏற்கெனவே மூலையில விரிசல் ஓடுது. இதுல ஓட்டை வேற போடச் சொல்லுதீங்களே."

"மெதுவாப் போடுங்க. தண்ணி வாறதுக்கு ஒரு பைப்பு, போறதுக்கு ஒரு பைப்பு வேணும்."

"எதுக்கு இது?"

"மீனுக்குத் தீனி வளக்க."

"மீனு வளக்க ஒரு தொட்டி. மீனுக்குத் தீனி வளக்க ஒரு தொட்டி. நாளைக்கு அந்தத் தீனிக்குத் தீனி வளக்க ஒண்ணு கேப்பீய" என்று சொல்லிக்கொண்டே சோலைமுத்து டிரில்லை ஊன்றினார். அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. மாரிராஜ் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

தரை ஒரு பக்கம் இறங்கியிருந்ததால் ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து மட்டம் பார்த்தார்கள். செண்பகராஜ் பஸ்ஸில் ஒரு வாளி கொடுத்துவிட்டிருந்தார். அவர் தொட்டி மணல் கொஞ்சம், கல் இரண்டு, பச்சை நைலான் நூலைச் சிக்கலாக்கிப் போட்டதுபோல ஒரு பந்து பாசி. ஹால் தொட்டியில் விளக்கு அணைந்ததும் இதில் விளக்கு எரிகிற மாதிரி டைமர் வைத்தான் மாரிராஜ். தண்ணீர் ஏறியது, நிரம்பியது, சுவரைத் தாண்டி ஹால் தொட்டியில் சன்னமாய் விழுந்தது.

பார்வைக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒரு மீன் கிடையாது, ஒரு வண்ணம் கிடையாது. கிணற்று மூலையை வெட்டி எடுத்து வைத்ததுபோல இருந்தது. ஆனால் அமுதவள்ளிக்கு அதைவிட்டு நகர முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு எறும்பு காட்ட வைத்திருந்த பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தாள். காலையில் மாரிராஜ் வண்டியைக் கிளப்பிப் போனதும் கண்ணாடியோரம் உட்கார்ந்துவிடுவாள். சில நாள் வெறும் மணல். பிறகு ஒரு காலை, பாசி நூலின்மேல் உப்புத்தூள் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி குதித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இன்னொன்று. படம் எடுத்துக் காளீஸ்வரிக்கு அனுப்பினாள். "அம்மா, ஒண்ணுமே தெரியலையே" என்று பதில் வந்தது. "இருக்கு, நல்லாப் பாரு" என்று டைப் அடித்தாள்.

பாசி வேகமாக வளர்ந்தது. அதுதான் வினையாகவும் போனது.

ஒரு முற்பகல் அமுதவள்ளி அடுப்படியில் இருந்தாள். எதற்கோ திரும்பி வந்தபோது அறையின் கதவடியிலிருந்து தண்ணீர் ஹாலுக்குள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தாள். பாசி போய் வழிகிற பைப்பின் வாயை அடைத்திருந்தது. சின்ன மோட்டார் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்ததால் தொட்டி விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்தது. தரை இறங்கிய பக்கமெல்லாம் உப்புத் தண்ணீர். விளக்கு மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில்தான் கிடந்தது. தண்ணீர் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பாண்டியம்மா!" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வயிற்றிலிருந்து எக்கிக் கத்தினாள். காற்றுதான் வந்தது. மாரிராஜுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்தான். வண்டி இரைச்சலில், "அலோ, அலோ, ஒண்ணும் கேக்கலட்டி, வந்து பேசுதேன்" என்று வைத்துவிட்டான்.

அமுதவள்ளிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு கணம்தான். ஹால் தொட்டியின் ஸ்டாண்டுக்குள் ஆறேழு பிளக்கு இருந்தன, எது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. ஈரத்தில் கையை வைக்கவும் பயம். வாசலுக்கு ஓடி, மீட்டர் பெட்டியில் மெயினை இழுத்து அணைத்தாள். வீடே நின்றுபோனது. பிறகு அடுப்படியிலிருந்து எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நடைவாசலில் நின்று, கை வலிக்க வலிக்க அடித்தாள்.

அங்கன்வாடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் சேலையைச் செருகியபடி ஓடிவந்தாள். "என்ன டீச்சர், என்னாச்சு? யாருக்கு என்ன?" அமுதவள்ளி அவளை இழுத்துப்போய்க் காட்டினாள். கேள்வி கேட்காமல் பாண்டியம்மாள் சாக்கைப் போட்டாள். இரண்டு பேருமாக வழித்து, பிழிந்து, வாளி வாளியாக வெளியே கொட்டினார்கள். அமுதவள்ளி பைப்பின் வாயில் கையை விட்டுப் பாசியைப் பிடுங்கி எடுத்தாள். தேங்கி நின்ற தண்ணீர் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று ஓடியது.

சுவரோரம் அடுக்கியிருந்த சார்ட்டுகள் அடியிலிருந்து பாதி வரை ஊறிவிட்டன. மயிலும் மாடும் சாயம் கரைந்து ஒன்றாகிப் போயிருந்தன. பாண்டியம்மாள் அதைப் பார்த்து, "ஐயையோ, டீச்சர்" என்றாள். அமுதவள்ளி ஒவ்வொன்றாகப் பிரித்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். கல்லை வைத்தும் காற்று நிற்கவிடவில்லை.

மதியம் வந்த மாரிராஜ் நடந்ததைப் பாண்டியம்மாள் வாயால் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். போனை வைத்துவிட்டோமே என்பது அவனை அறுத்தது. "ஒரு மீனுக்காவ ஒன்னய கரண்டுல குடுக்கப் பாத்தேனே. வேண்டாம். இன்னைக்கே எல்லாத்தையும் கழத்தி எறியுதேன். சோலைமுத்துவ வரச் சொல்லுதேன், ஓட்டையை அடச்சிருவோம்."

அமுதவள்ளி அவன் எதிரில் வந்து நின்றாள். "கழத்தக்கூடாது" என்றாள்.

"ஒன் சாமானெல்லாம் வீணாப் போச்சேட்டி."

"போவட்டும். கரண்டுப் பெட்டியச் செவத்துல மேல மாட்டுங்க. பைப்பு வாயில சல்லடை வைங்க. எந்தப் பிளக்கு எதுக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. பாசிய நான் வாராவாரம் வெட்டுதேன். இனிமே அந்தத் தொட்டி எனக்கு. நீங்க தொடவேண்டாம்."

பாதியில் மூச்சு தீர்ந்து, நின்று, மறுபடி எடுத்துச் சொல்லி முடித்தாள். மாரிராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி அவன் கேட்டதில்லை. அன்று சாயந்திரமே சல்லடை வைத்தான். ஒவ்வொரு பிளக்கிலும் வேறு வேறு நிறத்தில் டேப் சுற்றினாள் அவள்.

நல்லபடியாகக் காய்ந்த சார்ட்டுகளைப் பாண்டியம்மாளின் அங்கன்வாடிக்குக் கொடுத்தாள். பொம்மைகளையும் கொடுத்தாள்.

மாண்டரின் பிழைக்கவில்லை. பூச்சிகள் ஹால் தொட்டிக்கு வரத் தொடங்கியிருந்தன. அது பைப்பு விழும் மூலைக்கு வந்து கொத்தித் தின்றதை அமுதவள்ளி கண்ணால் பார்த்தாள். ஆனால் உடம்பு தாங்கும் எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. ஒரு காலை, பாறையடியில் நிறம் வெளுத்துக் கிடந்தது. அவளே எடுத்து, வாசல் வேப்பமரத்தின் அடியில் புதைத்தாள். அன்று அடுப்பு மூட்டவில்லை. மாரிராஜ் கடையில் பரோட்டா வாங்கி வந்தான்.

"வேற ஒண்ணு வாங்கிருவோமா?" என்றான் மெதுவாக.

"கூடாது. தொட்டி நெறயணும் மொதல்ல. நான் சொல்லும்போது வாங்குங்க."

வைகாசி போய், ஆடிக்காற்று போய், ஐப்பசி மழையும் பெய்தது. மண் ஊதித் தரை ஏறியதும் பலகைத் துண்டை அவளே மாற்றி வைத்தாள். வாராவாரம் கத்திரியால் பாசியை வெட்டினாள். ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்றினாள். கோவில்பட்டி வெயிலுக்குத் தொட்டி சூடாகாமல் மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். ஹால் தொட்டியின் கண்ணாடியில் பச்சை படிவது நின்றுபோயிருந்தது. அவள் தொட்டிக்குள்ளோ இப்போது பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. அதிகாலையில் விளக்கு அணையும் முன்னால் பார்த்தால் கண்ணாடியெங்கும் வெள்ளைப் புள்ளிகள் ஓடின. மணலில் இறால்குஞ்சு போல வளைந்தவை தாவின. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவளுக்கு அது வகுப்பறை மாதிரி இருந்தது. ஒன்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை.

அந்த அறையில் மோட்டார் ஓயாமல் உறுமும். அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தம் மறைந்துவிடும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கைகளை அழுத்தி "ஆ" என்றாள். யாருக்கும் கேட்காது, தனக்கே பாதிதான் கேட்டது. மறுநாளும் செய்தாள். பாசி வெட்டும்போது "ம்" என்று இழுத்தாள்.

ஆனால் சுவரில் ஓட்டை இருந்ததை அவள் மறந்துவிட்டாள். பைப்பைச் சுற்றி இருந்த இடைவெளி வழியாக அவள் சத்தம் ஹாலுக்கு வந்தது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மாரிராஜ் முதல்முறை கேட்டபோது, மோட்டார்தான் பழுதாகிவிட்டதோ என்று எழுந்தான். பிறகு புரிந்தது. சத்தமில்லாமல் திரும்ப உட்கார்ந்தான். அவளிடம் அவன் அதைச் சொல்லவே இல்லை. சோலைமுத்து ஒருமுறை வந்து, "அண்ணாச்சி, அந்த இடைவெளிய சிமெண்டு வச்சு அடைச்சிருவமா?" என்றபோது மட்டும் அவசரமாக, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டான்.

மறுவருஷம் மாசியில் அவள் சரியென்று சொன்னாள். இன்னொரு மாண்டரின் வந்தது. இதை அவளே இறக்கிவிட்டாள். பாறைமேல் காலூன்றி நின்றது, கண்ணை உருட்டியது, பிறகு கொத்த ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் வயிறு உருண்டது. இன்று வரை நன்றாக இருக்கிறது.

குரலும் வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. கட்டையாய், அடியில் மணல் ஓடுவதுபோல ஒரு குரல். கத்த முடியாது. பள்ளிக்கூடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். நாற்பது பிள்ளைகளை இந்தக் குரலால் இழுத்துப்பிடிக்க முடியாதென்று அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அன்று முழுக்க அவளுக்கு மனசு சரியில்லை. ஆனால் காளீஸ்வரி போன் செய்தால் இப்போது எடுக்கிறாள். பாண்டியம்மாள் கூப்பிட்டால் அங்கன்வாடிக்குப் போய், தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளை நெருங்கி உட்காரவைத்துக் கதை சொல்கிறாள்.

வெட்டிய பாசியைக் குப்பையில் போட மனம் வராமல் வாட்ஸ்அப் குழுவில் வேண்டியவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தான் மாரிராஜ். பூச்சியோடு சேர்த்து ஈரப் பையில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவான். சாத்தூர், தென்காசி என்று போனது. போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒருவர் அழைத்தார். மாரிராஜ் குளித்துக்கொண்டிருந்ததால் அமுதவள்ளி எடுத்து "அலோ" என்றாள்.

"சார், வணக்கம். பாசி வந்து சேந்துட்டு. இப்பம் நான் என்ன சார் செய்யணும்?"

அமுதவள்ளி போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "சார் இல்லைங்க, நான் அவிய வீட்டம்மா. தொட்டி என்னோடதுதான்" என்றாள்.

அந்தப் பக்கம் மனிதர் பதறிப்போனார். "ஐயோ, மன்னிச்சிருங்கம்மா, கொரல வச்சு..."

"அதனால என்ன. மொதல்ல சொல்லுங்க, வழியுற பைப்புக்குச் சல்லடை வச்சிருக்கியளா?"

"இல்லியே."

"கரண்டுப் பெட்டி எங்க இருக்கு? தரையிலயா?"

"ஆமா, தரையிலதான்."

"அப்பம் இப்பம் பாசியத் தொட்டியில போடாதீங்க. தொட்டித் தண்ணிய ஒரு வாளியில மோந்து, அதுல கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அமுதவள்ளி டீச்சர். "அவசரமில்ல. ஒண்ணொண்ணாச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க."